வான் பாயும் கண்ணாடித் தொட்டி

1587ஆம் ஆண்டு சீதாவாக்கை மன்னன் முதலாம் இராஜசிங்கன் கொழும்புக் கோட்டையை முற்றுகையிட்டபோது, அவனுடைய படையில் வாளேந்தியவர்களோடு மண்வெட்டி பிடித்தவர்களும் வந்தார்கள். போர்த்துக்கேயர் கோட்டையின் நிலப்பக்கத்தை ஒரு வாவி காத்து நின்றது. தண்ணீர் நிறைந்திருக்கும்வரை அந்தப் பக்கத்தால் யாரும் கிட்ட முடியாது. இராஜசிங்கன் கால்வாய் வெட்டுவித்து வாவியின் நீரை வடித்தான். கோட்டை திணறியது. 1588இன் தொடக்கத்தில் உதவிக் கப்பல்கள் வந்துசேர்ந்த பிறகே போர்த்துக்கேயர் மூச்சுவிட்டார்கள். ஒரு வாவியின் நீர்மட்டத்தில் ஓர் ஊரின் உயிர் தங்கியிருந்த காலம் அது.

அந்த வாவியின் மிச்சம்தான் இன்றைய பேரை வாவி. அது சுருங்கிவிட்டது, பச்சை பூத்துப் பல தடவை நாறியும் இருக்கிறது. ஆனாலும் அதன் மட்டத்தைக் காக்கும் வேலை நின்றுபோகவில்லை. மிஞ்சும் தண்ணீர் காலி முகத்திடல் ஓரத்தால் கடலுக்கு வழிகிறது. இன்னொரு பக்கம் ஒல்லாந்தர் காலத்துச் சென். செபஸ்தியன் கால்வாயும் அதன் மதகுகளும் வாவியைக் களனி கங்கைப் பக்கத்தோடு இணைக்கின்றன. வடக்கே முகத்துவாரத்தில் நிலத்தடிச் சுரங்கம் ஒன்று வெள்ளத்தைக் கடலில் சேர்க்கிறது. தெற்கே பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் நடுவே ஓடும் கால்வாய் இருக்கிறது. மேல் மாகாண அரசாங்க அதிபராகவும் கொழும்பின் முதல் நகர முதல்வராகவும் இருந்த சார்ள்ஸ் பீற்றர் லேயார்டின் காலத்தில் வெட்டப்பட்ட இதற்கு ஊரார் 'லேயார்டின் மடமை' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். கடல்வாயை மணல் மூடும்போதெல்லாம் அதைத் தோண்டித் திறந்துவிட வேண்டியிருக்கிறது. கொழும்புத் தமிழரின் இரண்டு பெரிய குடியிருப்புகளான கொட்டாஞ்சேனையும் வெள்ளவத்தையும் இப்படி நகரத்தின் இரு வழிவாய்களுக்கு அருகே அமைந்திருக்கின்றன.

இந்த இரண்டு ஊர்களிலும் வீட்டுக்குள்ளே நடக்கும் ஒரு சிறிய நீர் வேலைதான் இக்கட்டுரையின் பொருள். ஹோலில் வைத்திருக்கும் மீன் தொட்டியின் மட்டத்தை நிறுத்திப் பிடிப்பதும், வழியும் தண்ணீரைச் சத்தமில்லாமல் கீழே இறக்குவதும் பொழுதுபோக்காளர்களின் சில்லறைக் கவலையாகத் தோன்றலாம். ஆனால் அதற்கு நீண்ட வரலாறு உண்டு. அதன் பெரும்பகுதி இந்தத் தீவின் வரலாற்றோடும் இந்த நகரத்தின் வரலாற்றோடும் பின்னிக் கிடக்கிறது.

குளம் கட்டியவர்களுக்கு இரண்டு கேள்விகள் எப்போதும் இருந்தன. வேண்டிய தண்ணீரை எப்படி அளந்து எடுப்பது, வேண்டாத தண்ணீரை எப்படி அணை உடையாமல் வெளியேற்றுவது? முதல் கேள்விக்கு அனுராதபுரக் காலத்து அறிஞர்கள் கண்ட விடை பிசோகொட்டுவ எனும் சதுரக் கிணறு. குளத்தின் அழுத்தத்தில் சீறிவரும் நீர் அணைக்கட்டுக்குள் கட்டிய அந்தக் கிணற்றில் வேகம் அடங்கி, அளவோடு வாய்க்காலுக்குப் போகும். 1873 முதல் இலங்கையில் நீர்ப்பாசனப் பொறியியலாளராக வேலை செய்த ஹென்றி பார்க்கர், தாம் 1909இல் வெளியிட்ட 'பண்டைய இலங்கை' நூலில் இந்தக் கிணறுகளை வியந்து எழுதினார். நவீன நீர்த்தேக்கங்களின் வால்வுக் கோபுரங்களுக்கு இவையே முன்னோடி என்பது அவருடைய முடிவு. இரண்டாவது கேள்விக்கு விடை வான். குளம் நிறைந்தால் கல்லடுக்கின் மேலால் வழிந்தோட விட்ட இடம் அது. இரணைமடு வான் பாய்கிறது என்றால் இன்றைக்கும் கிளிநொச்சியில் குடும்பம் குடும்பமாகப் பார்க்கப் போகிறார்கள். 2018 டிசெம்பர் வெள்ளத்தின்போது அதே வான்கதவுகளை எப்போது திறந்திருக்க வேண்டும் என்று பெரிய வாக்குவாதமே எழுந்தது.

அனுராதபுரத்தின் குட்டம் பொக்குண என்ற இரட்டைக் குளத்தை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். அதற்கு வரும் தண்ணீர் நேரே குளத்துக்குள் விழுவதில்லை. பக்கத்திலுள்ள சிறிய கல்தொட்டியில் தங்கி, மண்ணையும் கசடையும் படியவிட்ட பிறகே மகரவாய் வழியாக உள்ளே இறங்குகிறது. இன்று வெள்ளவத்தையில் ஒருவர் மீன் தொட்டிக்குக் கீழே அலுமாரிக்குள் வைக்கும் வடிதொட்டியும் இதே வேலையைத்தான் செய்கிறது. காலத்தால் பிந்தியது, அளவால் சிறியது, எண்ணம் ஒன்று.

கண்ணாடித் தொட்டியின் பிறப்பு இலண்டனில். 1850இல் ரொபர்ட் வாரிங்டன் எனும் வேதியியலாளர் தண்ணீர்ச் செடி, நத்தை, தங்க மீன் மூன்றையும் ஒரே தொட்டியில் வைத்து, நீரை மாற்றாமலே அவை ஒன்றையொன்று தாங்கி வாழ்வதை இரசாயனச் சங்கத்துக்கு அறிவித்தார். 1853இல் இலண்டன் ரீஜண்ட்ஸ் பூங்காவின் மிருகக்காட்சிச் சாலையில் பொதுமக்களுக்கான முதல் மீன் மண்டபம் திறந்தது. அடுத்த ஆண்டு பிலிப் ஹென்றி கோஸ் எழுதிய நூல் வந்ததும் இங்கிலாந்தின் நடுத்தர வீடுகளில் தொட்டி ஒரு மோகமாகவே பரவியது.

இலங்கை அதற்கு வெகுவாகப் பின்தங்கவில்லை. இந்தத் தீவிலேயே பிறந்த மருத்துவரான எட்வர்ட் பிரெடரிக் கெலார்ட் 1850களின் பிற்பாதியில் திருகோணமலையில் முத்துச் சிப்பிகளை ஆராய்ந்தார். முத்துக் குளிப்பு அரசாங்கத்துக்குப் பெரும் வருமானம் தந்த தொழில். சிப்பிகள் ஏன் சில ஆண்டுகளில் காணாமல் போகின்றன என்பது விளங்காத புதிராக இருந்தது. கெலார்ட் சிப்பிகளைக் கடல்நீர்த் தொட்டிகளில் உயிரோடு வைத்துப் பார்த்தார். பாறையில் ஒட்டிக்கொள்ளும் நாரைச் சிப்பி தானே அறுத்துக்கொண்டு, வேறிடம் நகர்ந்து, மறுபடியும் புதிய நாரால் ஒட்டிக்கொள்வதைக் கண்டார். மேசைமேல் இருந்த ஒரு தொட்டி இலங்கையின் மிகப் பழைய தொழில் ஒன்றைப் பற்றிய அறிவையே மாற்றிய தருணம் அது. இன்னும் நெடுங்காலம் உழைத்திருக்க வேண்டிய அந்த மனிதர் 1860இல், இங்கிலாந்துக்குப் போகும் வழியில் கடலிலேயே இறந்துபோனார். திருகோணமலையில் அவர் பெயரை நினைவுகூர்வோர் இன்று மிகச் சிலரே என்பது வருத்தம் தருகிறது.

வழியும் நீரின் வரலாற்றில் அடுத்த பெயர் வில்லியம் அல்போர்ட் லொயிட். 1864இல் ஹம்பேர்க்கிலும் 1871இல் இலண்டன் கிறிஸ்ரல் பேலஸிலும் அவர் அமைத்த காட்சிசாலைகளில், பார்வையாளர் காணும் தொட்டிகளைவிட அவர்கள் காணாத நிலத்தடித் தேக்கம் பல மடங்கு பெரியது. அந்த இருண்ட தேக்கத்திலிருந்து நீராவிப் பம்பி தண்ணீரை ஏற்றும். அது தொட்டிக்குத் தொட்டி வழிந்து, கடைசியில் மறுபடியும் தேக்கத்துக்கே போய்ச்சேரும். ஒரே கடல்நீர் ஆண்டுக்கணக்கில் சுழன்றது. மேலே காட்சி, கீழே தேக்கம், நடுவே வழிவாய். இன்றைய வீட்டுத் தொட்டியின் முழு அமைப்பும் லொயிடின் கையில் முடிந்துவிட்டது. தென்னாசியாவில் பொதுமக்கள் இதுபோன்ற ஒன்றைப் பார்த்தது 1909இல், சென்னை மெரீனாவில் எட்கர் தேர்ஸ்ரனின் முயற்சியால் எழுந்த கடல்மீன் காட்சிசாலையில். இரண்டாம் உலகப் போர் அதை மூடிவிட்டது.

கொழும்பு வீடுகளுக்கு மீன் வந்த வழி வேறு. அது கான் வழியாகவும் கிணறு வழியாகவும் வந்தது.

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நுளம்புக் குடம்பிகளைத் தின்பதற்காகக் கப்பி மீன் இத்தீவுக்குக் கொண்டுவரப்பட்டது. தென்னமெரிக்காவின் வடகரையைச் சேர்ந்த, சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத இந்த மீனுக்குக் கொழும்பின் கான்கள் சொந்த வீடாகிப் போயின. அதன் தேவையை உணர்த்தியது ஒரு பேரழிவு. 1934இல் மழை பொய்த்தது. தென்மேற்கின் ஆறுகள் ஓட்டம் நின்று குட்டை குட்டையாகத் தேங்கின. தெளிந்த தேங்கல் நீரில் முட்டையிடும் மலேரியா நுளம்பு பெருகியது. 1934–35 கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டார்கள். ஓடவேண்டிய நீர் ஓடாமல் நின்றதற்கு மனிதர் கொடுத்த விலை அவ்வளவு. கிணற்றிலும் தொட்டியிலும் நாலு மீன் விட்டுவைக்கும் பழக்கம் நல்ல பழக்கமென்று ஊருக்கு ஊர் நிலைத்தது. இன்றைக்கும் டெங்கு பரவும் காலத்தில் மாநகர சுகாதாரப் பகுதியினர் மூடமுடியாத தொட்டிகளுக்கு மீன் விடச் சொல்கிறார்கள். 2017இல் நாடு முழுவதும் 186,000க்கு மேற்பட்டோர் டெங்குவுக்கு ஆளான பிறகு அந்தச் சொல்லுக்குப் பாரம் கூடியது.

கொட்டாஞ்சேனையின் பழைய வீடுகளில் நடுமுற்றம் இருந்தது. முற்றத்தின் மூலையில் சீமெந்துத் தொட்டி, அதில் குளிக்கவும் கழுவவும் தண்ணீர். அதிலே கப்பி ஓடும். மழை பெய்து தொட்டி நிறைந்தால் விளிம்பால் வழிந்து முற்றத்துக் கானுக்குப் போகும். யாரும் அந்தச் சத்தத்தைக் குறையாகச் சொன்னதில்லை, ஏனென்றால் மழையின் சத்தத்துக்குள் அது அடங்கிவிடும். பெடியன்கள் கானில் கைத்துணியால் கப்பி அள்ளி ஹோர்லிக்ஸ் போத்தலில் போட்டு வருவார்கள். பல பேருக்கு முதல் மீன் தொட்டி அந்தப் போத்தல்தான். 1886 முதல் லபுகம நீர்த்தேக்கத்திலிருந்து கொழும்புக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது. காட்டு மழைநீர் என்பதால் அது உப்புக் குறைந்த மென்னீர். குளோரின் கலக்கும் வழக்கம் வந்த பின், குழாய் நீரை ஒரு நாள் வாளியில் ஆறவைத்தே மீனுக்கு விட வேண்டும் என்ற பாடத்தையும் பிள்ளைகள் படித்துக்கொண்டார்கள்.

அதே காலத்தில் இலங்கையின் சொந்த மீன்கள் கடல் கடந்து போகத் தொடங்கியிருந்தன. சப்ரகமுவ மழைக்காட்டு ஓடைகளில் வாழும் சிவந்த சிறு மீன் ஒன்றை 1929இல் போல் தெரணியகல உலக அறிவியலுக்கு அறிமுகம் செய்தார். சிங்களத்தில் லே தித்தையா, மீன்கடைகளில் செரி பார்ப். பின்னாளில் கொழும்பு நூதனசாலையின் பணிப்பாளராக இருந்த தெரணியகல, இந்தத் தீவின் மீன்களை அக்கறையோடு வரைந்தும் விவரித்தும் வைத்தவர். ஆண் மீன் கறுத்துச் சிவக்கும் புலத் ஹப்பயாவை அதற்கு முன்பே, 1868இல், இலண்டனில் குந்தர் பதிவு செய்திருந்தார். 1930களின் நடுப்பகுதிக்குள் இரண்டும் ஐரோப்பிய வீட்டுத் தொட்டிகளை எட்டிவிட்டன. கொழும்புத் துறைமுகத்தில் கப்பல் ஏறிய அந்தத் தகர டின்களில் என்ன இருந்தது என்று கொட்டாஞ்சேனைத் துறைமுகத் தொழிலாளர் பலருக்குத் தெரிந்திருக்காது.

விலங்கு வணிகத்தில் பேர்போன ஹம்பேர்க் ஹாகன்பெக் குடும்பத்தின் ஜோன் ஹாகன்பெக் தெஹிவளையில் நடத்திய விலங்குக் காப்பிடத்தை 1936இல் அரசாங்கம் ஏற்றது. அதுவே தெஹிவளை மிருகக்காட்சிச் சாலை. வெள்ளவத்தையிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரம். ஞாயிறுகளில் போன குடும்பங்களுக்கு அங்கிருந்த மீன் கூடம் பெரிய கவர்ச்சி. அந்தச் சாலையில் வேலை செய்த ரொட்னி ஜொங்க்ளாஸ் நல்ல சுழியோடி. 1954 டிசெம்பரில் அவுஸ்திரேலியாவுக்குப் போகும் கப்பல் கொழும்பில் தங்கியபோது கரையிறங்கிய ஆர்தர் சி. கிளார்க்கை வரவேற்றவர்களில் அவரும் ஒருவர். கிளார்க் 1956இல் மீண்டும் வந்து இந்தத் தீவிலேயே தங்கிவிட்டார். ஜொங்க்ளாஸ் பவளப்பாறை மீன்களைக் காயப்படாமல் பிடித்து, உயிரோடு கொண்டுசேர்க்கும் கலையை வளர்த்து, 1975இல் அதைப்பற்றி நூலும் எழுதினார். தெரணியகல ஒரு நன்னீர் அயிரை மீனுக்கு அவர் பெயரையே வைத்தார்.

கடல்மீனை வீட்டில் வளர்ப்பது அந்தக் காலத்தில் கடினமான காரியம். ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் 1961இல் ஒரு வழி காட்டினார். உயிருள்ள பவளக் கல்லைத் தொட்டியில் அடுக்கி, காற்றுக் குமிழி மட்டும் விட்டு, கல்லில் வாழும் நுண்ணுயிர்களையே தண்ணீரைத் தூய்மை செய்ய விட்டார். நம்மைப் போலவே வெப்பக் கடலோரத்தில் வாழ்ந்த ஓர் ஆசியரின் கண்டுபிடிப்பு அது. மேற்குலகம் அதன் பெறுமதியை உணரப் பல ஆண்டுகள் ஆயின. 1986இல் அமெரிக்காவில் ஜோர்ஜ் ஸ்மிட் எழுதிய கட்டுரைகள் வேறொரு முறையைப் பரப்பின. அதன்படி தொட்டி நீர் விளிம்பால் வழிந்து, கீழே அலுமாரிக்குள் உள்ள வடிதொட்டியில் சொட்டிச் சலித்து, மோட்டரால் மேலேறும். லொயிடின் நிலத்தடித் தேக்கம் இப்படி ஒரு வீட்டு அலுமாரிக்குள் சுருங்கி வந்தது.

வந்ததோடு சத்தமும் வந்தது.

இதற்குக் கொழும்பின் வீடுகள் மாறிய விதத்தையும் பார்க்க வேண்டும். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகு வெளிநாட்டு மோட்டரும் சிலிக்கன் பசையும் தாராளமாக இறங்கின. இரும்புச் சட்டமும் புட்டியும் வைத்து இறுக்கிய, விளிம்பில் துருப்பிடித்துக் கசியும் பழைய தொட்டிகள் போய், கண்ணாடியைக் கண்ணாடியோடு ஒட்டிய தொட்டிகள் வந்தன. 1983 யூலையில் வெள்ளவத்தையிலும் தமிழர் வீடுகள் எரிந்தன. முற்றமும் கிணறும் வைத்திருந்த எத்தனையோ குடும்பங்கள் திரும்பவேயில்லை. 1990களில் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் இடம்பெயர்ந்தோர் வந்து நிறைய, காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஒழுங்கைகளில் தொடர்மாடிகள் எழுந்தன. கிணறு இழந்தவர்களின் பிள்ளைகள் நாலாம் மாடியில், ஹோல் சுவரோரத்தில், நாலடி நீளக் கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கத் தொடங்கினார்கள். தரை மாபிள், சுவர் சீமெந்து. எந்தச் சத்தமும் அங்கே எதிரொலிக்கும். பகலில் காலி வீதியின் பஸ் இரைச்சலும் கரையோர ரயிலும் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். இரவு பதினொரு மணிக்குப் பிறகு தொட்டியின் 'களக் களக்' ஓசை மட்டும் மிஞ்சும், சில வேளை பக்கத்து வீட்டாரையும் எழுப்பிவிடும்.

அந்த ஓசையில் மூன்று பங்கு உண்டு. தொட்டியின் விளிம்பைத் தாண்டி, வழியும் நீரை வாங்கும் தடுப்புப் பெட்டிக்குள் நீர் விழும் சத்தம் முதலாவது. பெட்டிக்குள் மட்டம் தாழ்ந்திருந்தால் விழும் உயரம் கூடும், சத்தமும் கூடும். பெட்டியின் நீரை விளிம்புக்கு ஓரிரு அங்குலம் கீழே நிறுத்தினாலே இது அடங்கிவிடும். மூன்றாவது பங்கு, கீழே வடிதொட்டியில் குழாய் வந்து விழும் சத்தம். குழாய் வாயை நீர்மட்டத்துக்கு ஓரங்குலம் கீழே அமிழ்த்தினால் அதுவும் போய்விடும். நடுவில் இருக்கும் குழாயின் சத்தந்தான் தலையிடி. குழாய் தண்ணீரோடு காற்றையும் விழுங்குகிறது. வாயை நீர் மூடியதும் குழாய் நிறைந்து வேகமாக உறிஞ்சும், பெட்டியை வெறுமையாக்கும், உடனே காற்றைக் குடித்து உறிஞ்சல் அறும், மறுபடி பெட்டி நிறையும். சில விநாடிக்கொரு தடவை இது இரவு முழுக்க நடக்கும். சத்தத்தின் வேர் காற்றில் இருக்கிறது என்று கண்டுகொள்வதற்கே பொழுதுபோக்காளர்களுக்குப் பல ஆண்டுகள் எடுத்தன.

1990களின் பிற்பகுதியில் ரிச்சர்ட் டர்சோ எனும் அமெரிக்கர் எளிய விடை ஒன்று தந்தார். குழாயின் தலையில் ஒரு 'ரீ' மூட்டு, அதில் கீழ்நோக்கி வளைந்த முழங்கை, உச்சி மூடியில் ஊசித்துளை. வாய் நீருக்குள் இருப்பதால் சுழி விழாது. துளை வழியே அளவான காற்று இறங்க, தண்ணீர் குழாயின் உட்சுவரைத் தழுவி வழியும். துளை சிறிதானால் உறிஞ்சல் பிடித்துத் திரும்பவும் களகளக்கும். பெரிதானால் சீறும். கொழும்பில் 'எஸ்லோன் பைப்' என்றாலே எல்லோருக்கும் விளங்கும் பிளாஸ்ரிக் குழாயும் புறக்கோட்டை ஹார்ட்வெயர் கடைச் சாமான்களும் இதற்குப் போதும். குண்டூசியைச் சூடாக்கித் துளையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருப்பித்துப் பார்க்கும் பொறுமைதான் தேவை.

அதற்குப் பின் வந்த 'ஹெர்பி' முறை காற்றை அடியோடு விலக்குகிறது. பெட்டிக்குள் இரண்டு குழாய்கள். தாழ்ந்ததன் வாய் எப்போதும் நீருக்குள். அதன் கீழ்முனையில் ஒரு கேட் வால்வு. அந்த வால்வைக் கால் சுற்று, அரைச் சுற்றாக மூடிக்கொண்டே வந்தால் பெட்டியின் மட்டம் மெல்ல உயர்ந்து ஓரிடத்தில் நிற்கும். மோட்டர் ஏற்றும் நீரும் குழாய் இறக்கும் நீரும் சமப்பட்ட இடம் அது. குழாய் முழுவதும் தண்ணீர், துளிக் காற்றில்லை, சத்தமுமில்லை. இரண்டாவது குழாய் சற்று உயரத்தில் காத்திருக்கும். முதலாவதில் இலையோ நத்தையோ அடைத்தால் மட்டம் ஏறி, நீர் இரண்டாவதற்குள் சலசலத்து விழும். அந்தச் சத்தம் வீட்டுக்காரருக்கு எச்சரிக்கை. மோட்டரில் பாசி படிந்து ஓட்டம் குறைந்தாலும் சமநிலை மாறும், வால்வைத் தொட்டுச் சரிசெய்ய வேண்டும். 'பீன் அனிமல்' எனும் மூன்று குழாய் முறை இதையும் தானே பார்த்துக்கொள்கிறது. ஒன்று முழு உறிஞ்சலாக ஓடும், ஒன்று மீதியைக் காற்றோடு மெல்ல இறக்கும், மூன்றாவது உலர்ந்தபடி ஆபத்துக்காக நிற்கும். இடமும் காசும் இருந்தால் இதுவே சிறந்தது. கண்ணாடியில் மூன்று துளை போட வேண்டியதால் நம் வீடுகளுக்கு ஹெர்பியே பெரும்பாலும் பொருந்தும்.

பிசோகொட்டுவவையும் இந்தக் குழாய்களையும் சேர்த்து நினைத்தால் ஒன்று துலங்கும். நீரை அடக்க அதைத் தடுக்க வேண்டியதில்லை. அது போகும் வழியின் வாயை அளந்து வைத்தால் போதும்.

ஆனால் இலங்கையில் தொட்டி வைப்பவருக்கு, வெளிநாட்டுக் கையேடுகள் அதிகம் பேசாத ஒரு கவலை உண்டு. மின்வெட்டு. நீர்மின் தேக்கங்கள் வற்றிய 1996லும், மறுபடி 2001லும் நாடு மணிக்கணக்கில் இருண்டது. பொருளாதார நெருக்கடியின் உச்சத்தில், 2022 மார்ச் முடிவில், மின்வெட்டு ஒரு நாளுக்கு 13 மணிநேரம் வரை நீண்டது. மோட்டர் நின்றால் காட்சித் தொட்டியில் விளிம்புக்கு மேல் நிற்கும் நீரும், பெட்டி நீரும், மேலேற்றும் குழாய் பின்னோக்கி உறிஞ்சும் நீரும் வடிதொட்டிக்கு இறங்கும். அதைத் தாங்க அங்கே வெற்றிடம் இல்லாவிட்டால் மாபிள் தரை குளமாகும், கீழ் மாடிக்காரரின் கூரை கசியும். ஆகவே மேலேற்றும் குழாயில், நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே சிறு துளை ஒன்று போட்டிருக்க வேண்டும். மட்டம் அந்தத் துளைக்கு இறங்கியதும் காற்று புகுந்து பின்னுறிஞ்சலை அறுக்கும். புதிதாகத் தொட்டி அமைத்தவர் அன்றைக்கே வேண்டுமென்று பிளக்கைக் கழற்றி, தண்ணீர் எதுவரை ஏறுகிறது என்று பார்த்து, வடிதொட்டியில் ஒரு கோடு போட்டுவைக்க வேண்டும். அந்தக் கோட்டுக்கு மேலே எக்காலமும் தண்ணீர் நிரப்பக்கூடாது. ஆவியாகிக் குறையும் நீர் காட்சித் தொட்டியில் தெரியாது, வடிதொட்டியில்தான் தெரியும். அங்கே மட்டம் விழுந்து மோட்டர் காற்றை இழுத்தால் இன்னொரு இரைச்சல் தொடங்கும். அதனால் தினமும் நன்னீர் கொஞ்சம் விட வேண்டும். கடல்மீன் தொட்டியிலும் உப்பு ஆவியாவதில்லை, விட வேண்டியது நன்னீரே.

நகரத்துக்கும் இதே கணக்குத்தான், தவறினால் நட்டம் மட்டும் பெரிது. 2010 நவம்பரில் ஒரே இரவில் கொட்டிய மழையில் தியவன்னா ஓயா பெருகி, அதன் நடுவே 1982இல் திறந்த நாடாளுமன்றமே வெள்ளத்தில் தனித்துப் போனது. நீரைத் தாங்கி வைத்திருக்க வேண்டிய சதுப்பு நிலங்களைப் பல்லாண்டாக மண் போட்டு நிரப்பிவிட்டு, வழிவாய்களை மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை. கொழும்பின் வடிதொட்டி அந்தச் சதுப்புகள். அவற்றில் வெற்றிடம் இருக்கும்வரை வெள்ளவத்தைக் கால்வாயும் முகத்துவாரச் சுரங்கமும் தம் வேலையைச் செய்யும்.

இன்னொரு வழிவும் நடந்துகொண்டிருக்கிறது. அதற்குச் சத்தமே இல்லை. தொட்டி பாசியைத் தின்னட்டும் என்று வாங்கும், உடம்பெல்லாம் செதில் தகடு போர்த்திய 'ராங்க் கிளீனர்' மீன் ஓரடிக்கு மேல் வளர்ந்துவிடும். வெள்ளிக் கத்திபோல் மினுங்கும் 'கிளௌன் நைஃப்' மீன் அதைவிடப் பெரிதாகும், பக்கத்து மீன்களை விழுங்கும். வளர்ந்ததும் இரக்கப்பட்டுக் கால்வாயில் விட்டுவிடுகிறார்கள். மீன்கடை வழியாக இந்நாட்டுக்கு வந்த இந்த இரண்டும் இன்று இலங்கையின் திறந்த நீர்நிலைகளில் பெருகிவிட்டன. கத்தி மீன் பொல்கொட வாவியிலும் பிடிபடுகிறது. லே தித்தையாவும் புலத் ஹப்பயாவும் உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக வாழாதவை. அவற்றின் ஓடைகளும் களனி, களு போன்ற கங்கைகளுக்குத்தான் போய்ச்சேர்கின்றன.

எனவே தொட்டி வைத்திருப்போரிடம் இரண்டு வேண்டுகோள். வாங்கும்போது நம் நாட்டு மீனென்றால் பண்ணையில் பெருக்கியதைக் கேட்டு வாங்குங்கள், ஓடையில் பிடித்ததை வேண்டாமென்று சொல்லுங்கள். பெருத்துப்போன வெளிநாட்டு மீனைக் கடைக்காரரிடமோ இன்னொரு வளர்ப்பாளரிடமோ கொடுங்கள், வெள்ளவத்தைக் கால்வாயிலோ பேரை வாவியிலோ ஒருபோதும் விடாதீர்கள்.